அப்பா கப்பலேறிய கதை

செத்தவர்களுக்கு வாய் முளைத்துவிட்டது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. உயிரோடு இருந்தபோது "ம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத தகப்பன்மார்கூட மறுகரையாரின் மண்டபத்தில் மடை திறந்த மாதிரி பேசினார்களாம். விடிந்ததும் வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். வங்கி மேலாளர் நின்றார். பல் டாக்டர் நின்றார். அறிவியல் வாத்தியாரும் நின்றார். தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று குடையை விரித்துப் பிடித்திருந்தார். மழை கிடையாது.

மறுகரையார் என்பது அவரே தமக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். தலைமுதல் கால்வரை வெள்ளை உடை, காதை மூடிய வெள்ளைத் தலைத்துணி. கண்ணை மூடுவார், தலை தொங்கும், குரல் வரும். அம்மா, அப்பா, அத்தை, மாமா எல்லோருக்கும் ஒரே கரகரத்த குரல்தான். மறுகரையில் சளித் தொல்லை அதிகம் போலும்.

அந்த வரிசையில்தான் கண்ணாடிக்கடை அக்காவும் நின்றாள். ஊர்ச் சனங்களுக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடி மாட்டுகிறவள். அப்பா போன வருத்தம் ஆறுவதற்குள் அம்மாவும் போய்விட்டாள். தலை நரைத்தவள் தன்னை அநாதை என்று சொல்லிக்கொண்டால் ஊர் சிரிக்கும். ஆனால் அவளுக்கு அப்படித்தான் இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களோ, வயசானவங்கதானே, நல்ல சாவு என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டுப் போனார்கள். பெற்றவர்கள் சாவதற்கு நல்ல வயது ஒன்று இருக்கிறதா, என்ன?

கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடக்கிற நேரமெல்லாம் அம்மாவோடு போனில் பேசுவது அவள் வழக்கம். சாப்பிட்டாயா என்று கேட்டு, பதில் வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி மேல் புகார் படிக்க ஆரம்பித்துவிடுவாள் அம்மா. இப்போது அந்த நடை முடியவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் மண்டபத்துக்குப் போனாள்.

அம்மா வந்தாள். வந்தவள் சும்மா வந்தாளா?

"நான் உசிரு விட்டப்ப சின்னவன் பக்கத்துல இல்லையேம்மா. அந்தக் குறை எனக்கு இன்னும் ஆறல."

சின்னவன் என்றால் அக்காவின் தம்பி. அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறவன். வேலை நேரத்தில் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பது அங்கே விதி. அக்கா திரும்பத் திரும்ப அழைத்தது அலமாரிக்கு மட்டும் கேட்டது. அவன் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்காவுக்கு ஏற்கெனவே அவன்மேல் கோபம். இப்போது அதற்கு அம்மாவின் முத்திரையும் விழுந்துவிட்டது. அவன் அழைப்பை எடுப்பதை நிறுத்தினாள். அந்தக் குடும்பத்தில் மிச்சமிருந்ததே இரண்டு பேர். அவர்களையும் பிரித்து வைத்துவிட்டார் அந்தப் புண்ணியவான்.

பொறுத்துப் பார்த்த தம்பி ஒருநாள் கடைக்கே வந்துவிட்டான். அக்கா ஒரு லாரி டிரைவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தாள். மனுஷன் சுவரிலிருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்தார். பெஞ்சில் காத்திருந்தபோதே முன்னால் போனவர்கள் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார். அக்கா பலகையைத் திருப்பி, வேறு எழுத்துகள் இருந்த பக்கம் தெரிய மாட்டினாள். டிரைவர் முதல் வரியிலேயே திணறினார்.

அவர் போனதும் தம்பி வாயைத் திறந்தான்.

"அம்மா என்னைத் திட்டணும்னா திட்டட்டும்க்கா. வாங்கிக்கறேன். ஆனா அது அம்மாவா இருக்கணும்."

"பின்ன யாருடா அது? எனக்கு எங்கம்மாவைத் தெரியாதா?"

"அங்கயும் ஒரு தடவை பலகையை மாத்திப் பாரேன்."

வந்த ஆத்திரத்தில் அவனை வெளியே போகச் சொல்லிவிட்டாள். ஆனால் அந்தப் பேச்சு மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. மண்டபத்துக் காத்திருப்பு அறையில் ஒரு கைக்குட்டை அம்மாள் உண்டு. பக்கத்தில் வந்து உட்காருவாள், கைக்குட்டை நீட்டுவாள், எங்கம்மாவும் இப்பத்தான் போனாங்க என்று கூடவே அழுவாள். அந்த அம்மாளின் தாய் வந்தவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்தாள். அழுகிறவர்களுக்குக் கேட்க ஓர் ஆள் கிடைத்தால் போதாதா? மனசைக் கொட்டிவிடுவார்கள். சின்னவன் வராத கதையை அக்காவும் அங்கேதான் கொட்டியிருந்தாள். கொட்டி முடித்ததும், தேநீர் போடுகிறேன் என்று அம்மாள் உள்ளே போவாள். தேநீர் மட்டும் யாருக்கும் வந்ததில்லை.

தம்பியை அவளே கூப்பிட்டாள். இருவரும் போனார்கள். கைக்குட்டை அம்மாளிடம் அக்கா விம்மி விம்மிச் சொன்னாள்: அப்பா ஆயுள் முழுக்கக் கப்பலில் வேலை பார்த்தவர், தம்பியோடு இப்போது ராசியாகிவிட்டேன். அப்பாவோ நகராட்சித் தண்ணீர்த் தொட்டியில் பம்பு ஓட்டியவர். பரிசலைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்பார்.

மண்டபத்தில் மறுகரையாரின் தலை தொங்கியது.

"மகளே, அலைச் சத்தம் இன்னும் காதுல கேக்குது. கப்பல்ல நின்னப்பல்லாம் உன் முகந்தாம்மா ஞாபகம் வரும்."

கையோடு அம்மாவும் வந்தாள். சின்னவன்மேல் குறையே இல்லையாம்.

கப்பலேறியது அப்பா அல்ல, மறுகரையாரின் மானம். ஆனால் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரல் பம்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடாதா என்று கடைசி நொடிவரை ஏங்கிக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. இரண்டு பேரும் போயே போய்விட்டார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்தாள்.

"எங்கப்பா கப்பலே ஏறினதில்லை."

மறுகரையார் அசரவில்லை. வாழ்நாளில் நிறைவேறாத ஆசையை ஆன்மா அங்கே நிறைவேற்றிக்கொள்ளும் என்றார். கூட்டம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. பழகிய தலைகள்!

அக்கா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கைக்குட்டை அம்மாகிட்ட சொல்லாத ஒரு விஷயம், ஒரே ஒரு விஷயம், யாருக்காவது இங்க வந்திருக்கா?"

யோசித்தார்கள். அந்த மண்டபத்தில் அந்தக் காரியம் நடந்தது அதுவே முதல் தடவை. அதற்குள் தம்பி மேடையேறி அந்தத் தலைத்துணியை உருவினான். காதுக்குள் சுண்டைக்காய் அளவில் ஒரு கருவி. அதைத் தன் காதில் வைத்து, உள்ளேயிருந்து கைக்குட்டை அம்மாள் பேசியதை அப்படியே உரக்கச் சொன்னான்:

"அடுத்தது பல் டாக்டர். அம்மா செல்லம். லேசா தட்டினாலே அழுதுருவாரு, சீக்கிரம் முடிங்க."

பல் டாக்டர் அழவில்லை. அவர் எழுந்து மேடையை நோக்கி நடந்த வேகத்தைப் பார்த்து மறுகரையார் பின்வாசல் வழியாக மறுதெருவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

வாசற்படியில் அக்கா உட்கார்ந்து அழுதாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அம்மா உன்மேல குறைப்படலடா. கடைசியில அவங்களுக்கு அடையாளமே தெரியல. என் கையைப் பிடிச்சிக்கிட்டு, 'சின்னவனே, வந்துட்டியா'ன்னாங்க. கூடவே கெடந்து பார்த்தவ நான். அது எனக்குப் பொறுக்கல. அதான் யாருகிட்டயும் சொல்லல."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அம்மாவின் கடைசி வார்த்தை அவனுக்குத்தான் வந்திருந்தது. அதைக் கொண்டுவந்து சேர்க்க உயிரோடிருக்கும் ஓர் அக்கா தேவைப்பட்டாள்.

மறுகரையார் எப்போது திரும்புவார் என்று சிலர் இன்னும் அந்தப் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்களாம். அழ வேண்டுமா, ஆசை தீர அழுங்கள், யார் வேண்டாமென்றது? ஆனால் கண் நனைந்தால் மூளையும் சேர்ந்து கரைந்துபோக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, ஐயா!