ஆள் வருது

பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை. மெக்சிகோவின் பசிபிக் கரையில் உள்ள புவேர்ட்டோ வயார்ட்டா நகரம். மாலை, சூரியன் இன்னும் கடலுக்கு மேலே இருந்தது. கடற்கரை நடைபாதையிலிருந்து மேட்டுக்கு ஏறும் தெருவில், நகரப் பேருந்துகள் திரும்பும் முனைக்கு எதிரே ஒரு டாக்கோ கடை. சுவரோரம் ஒரே வரிசையில் பிளாஸ்டிக் முக்காலிகள். வந்தவர் ஒருவர்: ஓய்வுபெற்ற வேதியியலாளர், நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் வசிப்பவர், சைவம். ஞாயிறன்று இதே கடையின் வாசல் வரை வந்து திரும்பினார். திங்களன்றும் அவ்வாறே. செவ்வாயன்று உட்கார்ந்தார். அவருக்கு இடப்புறம் இருந்த முக்காலி காலி.

வாழ்நாளெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கழித்தவனுக்கு இப்படித்தான் எழுத வரும். நடந்ததை முதலில் எழுதிவிட வேண்டும். அதற்கு என்ன பொருள் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒருவர் நான். அந்த முக்காலிக்கு உரியவர் பந்தி.

மனிதன் நெருப்பில் எதையோ வாட்டித் தின்னத் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை, அடுத்தவர் தட்டின்மேல் பந்தியைப் போல் அக்கறை கொண்ட இன்னொரு பிறவி தோன்றவில்லை என்பது என் முடிவு. பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு. ஜெர்சி சிட்டியில் அவர் ஒப்பந்த வேலை பார்த்த வங்கிக்கும் குடியேற்றத் துறைக்கும் மட்டுமே அது தெரியும். மற்ற அனைவருக்கும் அவர் பந்தி.

கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது, வீட்டுக்காரர் ஒருவர் வரிசையோடு நடந்து, “சாம்பார் வந்துச்சா? பாயசம் போட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டே போவாரல்லவா? அந்தப் பந்தி விசாரிப்பை இவர் எந்தக் கல்யாணமும் இல்லாமல், எந்த உணவகத்திலும், எவரிடமும் நடத்துவார். முதன்முறை நான் அவரைப் பார்த்தது ஜெர்சி சிட்டியில், தோசைக்குப் பெயர்போன ஓர் உணவகத்தில். என் மனைவி வசந்தியும் நானும் உட்கார்ந்து சற்று நேரம்தான் ஆகியிருக்கும். வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் எங்கள் மேசைமேல் குனிந்து விசாரித்தார்.

“வடை சூடா இருக்கா?”

“ஆறியிருக்கு” என்றாள் வசந்தி.

அவர் தட்டோடு வடையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். உள்ளே குரல் உயர்ந்தது. சூடான வடை வந்தது. உரிமையாளர் என்று நினைத்துக்கொண்ட ஒரு பெண்மணி, தன் மகளின் சீமந்தத்துக்குச் சாப்பாடு அனுப்ப முடியுமா என்று அவரிடம் கேட்டார். பந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கலந்த சாதங்களின் பட்டியலை அவரோடு வாதாடி முடிவு செய்து, கல்லாவில் இருந்த உண்மையான உரிமையாளரிடம் ஆர்டரை ஒப்படைத்தார்.

“ஏங்க, நீங்க யாருங்க?” என்றார் உரிமையாளர்.

“கஸ்டமர்” என்றார் பந்தி. “தயிர் சாதத்துல மாதுளை போடச் சொல்லியிருக்காங்க. மறந்துடாதீங்க.”

அவருடைய இன்னொரு கொள்கை, ஒருவரும் தனியாகச் சாப்பிடக் கூடாது என்பது. அமெரிக்காவில் தனியாக ஒருவர் உட்கார்ந்தால், பணியாளர் வந்து எதிரே உள்ள தட்டையும் கரண்டியையும் எடுத்துப் போய்விடுவார். கூட்டம் இருந்தால் நாற்காலியும் போய்விடும். பந்தி அந்த நாற்காலியின் காலைத் தம் காலால் கொக்கிபோட்டுப் பிடித்துக்கொள்வார்.

“தொடாதப்பா. ஆள் வருது.”

பணியாளர் தமிழரா, கொரியரா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டல்ல. இதைத் தமிழில்தான் சொல்வார். எந்த ஆளும் வரப்போவதில்லை என்பது அவருக்கே தெரியும். எனவே எழுந்து போய், அங்கே தனியாக உட்கார்ந்திருக்கும் யாரையாவது பேசிப் பேசித் தம் மேசைக்கு அழைத்து வந்துவிடுவார். அவருடைய நண்பர்களில் பாதிப் பேர் இப்படிப் பிடிக்கப்பட்டவர்கள்.

வசந்தி மறைந்த பிறகு, ஊர்த் தமிழர்கள் வாட்ஸாப் குழுவில் முறை வைத்துக்கொண்டு எனக்குச் சாப்பாடு அனுப்பினார்கள். அலுமினியத் தட்டுகளில் புளியோதரை வந்தது, எலுமிச்சை சாதம் வந்தது, மீண்டும் புளியோதரை வந்தது. பிறகு, இயல்பாகவே, நின்றது. ஆஸ்டினில் இருக்கும் என் மகள் தினமும் அழைத்து, “அப்பா, டிட் யூ ஈட்?” என்று கேட்பாள். ஆமாம் என்பேன். அது பொய்யில்லை. சமையலறை சிங்க்கின் முன் நின்றபடி, பாத்திரத்திலிருந்தே எடுத்து ஏதோ ஒன்றைச் சாப்பிடுவேன். மேசைமேல் நாளிதழ்களைப் பரப்பி வைத்திருந்தேன். மேசையில் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது உதவியது.

ஒரு நாள் முன்னறிவிப்பின்றி வந்த பந்தி அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டார்.

“என்ன டாக்டர் சார் இது? மாடுகூட படுத்துக்கிட்டுதான் அசை போடும். நீங்க நின்னுக்கிட்டே சாப்பிடறீங்க?”

“பழக்கமாகிவிட்டது, பந்தி.”

“பழக்கமா? பாஸ்போர்ட் எக்ஸ்பயர் ஆகல இல்ல?”

இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்பதற்குள் அவர் கைப்பேசியை எடுத்துவிட்டார். சென்ற ஆண்டு பிப்ரவரியில் நாங்கள் புவேர்ட்டோ வயார்ட்டாவில் இறங்கினோம்.

பந்தி பதிவு செய்திருந்தது, தங்குவதற்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டணம் வாங்கிவிடும் கடற்கரை விடுதி. வரவேற்பறையில் எங்கள் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கட்டினார்கள்.

“என்ன சார், ஆஸ்பத்திரி மாதிரி கைல பட்டை கட்டிட்டுத்தான் சோறு போடுவானா?” என்று பந்தி உரக்கச் சிரித்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். வசந்தியின் கையில் கடைசியாக இருந்தது அப்படியொரு பட்டைதான்; அந்த வாரங்களில் அவர் தினமும் வந்து போனவர். வரவேற்பு மேசைக்குப் போய்க் கத்தரிக்கோல் வாங்கி வந்தார். என் பட்டையை வெட்டினார். தம்முடையதையும் வெட்டினார். பட்டை இல்லாதவருக்கு விடுதியின் சாப்பாட்டுக்கூடத்தில் அனுமதி இல்லை என்று மேசையில் இருந்த பெண் பதறிப்போய்ச் சொன்னாள்.

“தேவையே இல்லம்மா. அங்க யாரும் யாரையும் பாக்காம சாப்பிடறாங்க” என்றார் பந்தி, தமிழில்.

ஆக, ஊருக்குள் சென்று சாப்பிடுவது எங்களுக்குக் கட்டாயமாயிற்று. நல்ல கடையைக் கண்டுபிடிக்கப் பந்தியின் வழி எளியது: பஸ் டிரைவர் எங்கே சாப்பிடுகிறாரோ அங்கே சாப்பிட வேண்டும். “அவருக்கு வயிறு கெட்டா ஊரே நின்னுடும் சார். அவர் ரிஸ்க் எடுக்க மாட்டார்.” ஒரு பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை சென்றோம். பெரிய மீசை வைத்த அதன் ஓட்டுநர் இறங்கி நடந்தார். பந்தி அவர் பின்னால் நடந்தார். நான் பந்தியின் பின்னால் நடந்தேன். தம்மை இருவர் தொடர்வதை உணர்ந்து ஓட்டுநர் வேகமாக நடந்தார். நாங்களும் வேகமாக நடந்தோம். அவர் அடைக்கலம் புகுந்த இடம்தான் அந்தக் கடை.

கடைக்காரர் செலியா அம்மாள். தோள்கள் அகன்றவர், சோள மாவை உருட்டித் தட்டுவதை நிறுத்தாமலே உலகத்தை விசாரிப்பவர். ஆய்வுக்கூட நண்பர்களிடம் கற்ற அரைகுறை ஸ்பானிஷில், எனக்கு மீனும் இறைச்சியும் ஆகாது என்றேன். அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்துவிட்டு, முள் சீவிய ஒரு பச்சை மடலைக் கல்லில் போட்டு வாட்டி, வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துச் சோள ரொட்டியில் மடித்து டாக்கோவாகத் தந்தார்.

பந்தி உற்றுப் பார்த்தார். “சார்! இது நம்ம சப்பாத்திக்கள்ளி! ஊர்ல வேலிக்கு வைப்பாங்க, இவங்க சப்பாத்திக்குள்ளயே வைக்கறாங்க!”

நன்றாக இருந்தது. சற்றுப் புளிப்பு, வெண்டைக்காயின் வழுவழுப்பு, கல்லின் புகை மணம். வசந்திக்குப் பிடித்திருக்கும் என்று தோன்றியது.

அதற்குள் பந்தி எழுந்துவிட்டார். தெருவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களின் முக்காலிகளை, ஆட்களோடு சேர்த்தே நகர்த்தாத குறையாக, சுவரோரம் ஒரே வரிசையாக்கினார். யாரும் மறுக்கவில்லை, பைத்தியக்காரர்களிடமும் அதிகாரிகளிடமும் மனிதர்கள் சட்டென்று வாதாடுவதில்லை. பிறகு கடைப்பலகையில் இருந்த ஒரு கிண்ணத்தை எடுத்தார். ஆரஞ்சு நிறச் சால்சா. பார்வைக்குப் பரங்கிக்காய்த் துவையல் போல் சாதுவாக இருந்தது. கரண்டியோடு வரிசையின் தலைப்பில் நின்றார்.

நம் பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. பரிமாறுகிறவர் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார். இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தால்தான் நிறுத்துவார். இந்த வழக்கம் மெக்சிகோவின் பேருந்து ஓட்டுநர்களுக்குத் தெரியாது. அங்கே சால்சாவை அவரவர் துளித்துளியாகத் தாமே போட்டுக்கொள்வார்கள். எவரும் கையை நீட்டவில்லை. பந்தி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு டாக்கோவின் மேலும் நிறைய ஊற்றிக்கொண்டே போனார். மரியாதைக்காக அவர்களும் சாப்பிட்டார்கள்.

அது ஹபனேரோ மிளகாய்.

முதலில் மீசைக்காரர் எழுந்தார். அடுத்தவர் உட்கார்ந்தபடியே அழுதார். மூன்றாமவர் கடலை நோக்கி நடக்கத் தொடங்கினார். பிறந்ததிலிருந்து மிளகாய் தின்று வளர்ந்தவர்கள் கண்ணீர் வழிய ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்ற காட்சியை நான் இன்னும் மறக்கவில்லை. செலியா அம்மாள் மாவுக் கையோடு வெளியே பாய்ந்து வந்தார்.

“இந்த ஆளுக்கு என்ன ஆச்சு? என் கடையை மூட வைக்கப் பாக்கறாரா?” என்றார் என்னிடம்.

“வேண்டாமென்றால் கையால் மறிக்க வேண்டும் என்கிறார்” என்று மொழிபெயர்த்தேன்.

“அதை முதல்லயே சொல்லக் கூடாதா?”

“எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும்.”

மீசைக்காரர்தான் முதலில் சிரித்தார். தட்டின்மேல் கையை விரித்துக் காட்டி, “இப்படியா?” என்றார். பந்தி தலையசைத்தார். மறுநாள் மாலை நாங்கள் தெருமுனையில் தோன்றியதுமே, வரிசை முழுவதும் தட்டுகள்மேல் கைகள் விரிந்தன. செலியா அம்மாள் பந்திக்கு ஒரு ஏப்ரன் கொடுத்தார். அதற்கடுத்த நாள், சுரைக்குடுக்கையில் தென்னம்பதநீர் சுமந்து விற்கும் முதியவரையும் வரிசையில் உட்காரவைத்தார் பந்தி. அவர் வரும்வரை முக்காலியைக் காலால் பிடித்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம், “ஆள் வருது, ஆள் வருது” என்றார்.

திரும்பும் வழியில், ஆப்பிள் துண்டும் வாதுமைக் கொட்டையும் மிதக்கும் அந்தப் பதநீரைக் குடித்துக்கொண்டு கடற்கரையில் நடந்தோம். ஏன் ஒருவரையும் தனியாகச் சாப்பிட விடுவதில்லை என்று அவரைக் கேட்டேன். எத்தனையோ ஆண்டுப் பழக்கத்தில் நான் அவரிடம் கேட்ட ஒரே சொந்தக் கேள்வி அதுதான்.

“அந்த வேலைய வீட்ல நான் பாத்துக்கறேன் சார்” என்றார். “எல்லாருக்கும் சேத்து.”

பிறகு, “பதநீல ஆப்பிள் போடறான் பாருங்க, அநியாயம்” என்று பேச்சை மாற்றினார்.

சென்ற நவம்பரில், ஒரு சனிக்கிழமை, உறக்கத்திலேயே பந்தியின் இதயம் நின்றுபோனது. சென்னையிலிருந்து வந்த அவர் தம்பிக்குத் துணையாக, அவருடைய அடுக்ககத்துக்குள் முதன்முறையாகப் போனேன். அவர் யாரையும் வீட்டுக்கு அழைத்ததில்லை. சாப்பாட்டு அறையில், சுவரோரம், ஒரு சின்னக் கல்யாணத்துக்குப் போதுமான மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருந்தன. விரித்திருந்தது ஒன்று.

இந்தப் பிப்ரவரிக்கான பயணச்சீட்டுகளை அவர் கோடையிலேயே எடுத்துவைத்திருந்தார், எங்கள் இருவருக்கும். சிங்க்கின் முன் நிற்பதற்கு நான் திரும்பியிருந்தேன். எனவே கிளம்பி வந்தேன். வந்தும், இரண்டு மாலைகள் கடைவாசல் வரை போய்த் திரும்பினேன். தனி ஆளாக அந்த வரிசையில் உட்கார முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாதென்றால் இனி சிங்க்தான் என்பதும் தெரிந்தே இருந்தது.

செவ்வாயன்று உட்கார்ந்தேன். செலியா அம்மாள் கேள்வி கேட்கவில்லை. கள்ளி டாக்கோ வைத்த தட்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். மீன் டாக்கோ வைத்த தட்டு ஒன்றை இடப்புற முக்காலியின்மேல் வைத்தார். என்னால் சாப்பிட முடியவில்லை. அப்போது புதிய இளம் ஓட்டுநர் ஒருவர் வந்து, அந்தத் தட்டைப் பலகைக்கு மாற்றிவிட்டு உட்காரலாமா என்று சைகையால் கேட்டு, முக்காலியில் கை வைத்தார். செலியா அம்மாள் மாவுக் கையால் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“ஆள் வருதூ” என்றார்.

உச்சரிப்பு ஏறத்தாழச் சரியாகவே இருந்தது.

நான் எழுந்தேன். வேறெங்காவது பார்க்க வேண்டியிருந்ததால் எழுந்தேன் என்பதே துல்லியம். பலகையில் இருந்த ஆரஞ்சுக் கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வரிசையின் தலைப்புக்குப் போனேன். முன்பின் அறியாதவரிடம் மணி கேட்கக்கூடத் தயங்குபவன் நான். மீசைக்காரர் என்னைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். தட்டின்மேல் கையை விரித்தார். அடுத்தவரும் விரித்தார். வரிசை நெடுகக் கைகள் விரிந்தன. கடைசியில், வேறொரு முக்காலியில் உட்கார்ந்திருந்த அந்த இளைஞருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அவர் மறிக்கவில்லை. வழக்கம் வழக்கம்தான், ஊற்றினேன்.

அவர் எழுந்து குதித்தபோது தெருவே சிரித்தது. தண்ணீர் கொடுத்தேன். “போதுமா?” என்று விசாரித்தேன், தமிழில்தான். பிறகு என் இடத்துக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஆறிப்போன டாக்கோவை முழுவதும் சாப்பிட்டேன்.

செய்யாமல் விட்டவை:

பந்தி இனி வரமாட்டார் என்பதைச் செலியா அம்மாளிடம் சொல்வது.

மடக்கு நாற்காலிகளைக் கோயிலுக்குக் கொடுத்துவிடும்படி தம்பி சொல்லிவிட்டுப் போனார், அதைச் செய்வது. அவை இப்போது என் சாப்பாட்டு அறையில் இருக்கின்றன.

மேசைமேல் கிடக்கும் நாளிதழ்களை அப்புறப்படுத்துவது. இந்த வாரத்துக்குள்.

அந்த முக்காலியை யாருக்காவது விட்டுக்கொடுப்பது.