நான் எழுதிய பதினோரு பக்கம்

என் வாழ்க்கையில் நான் எழுதியது மொத்தம் பதினோரு பக்கம். அதை ஒரே ஒருவர்தான் ஒழுங்காகப் படித்தார். படித்தபடியே செய்தார். அதனால் என் நிச்சயதார்த்தத்துக்கு நான் போகவில்லை.

எட்டு வருடம் ஆகிவிட்டது. கோபம் இன்னும் போகவில்லை. சொல்லிவிட்டால் போகுமா என்று பார்க்கிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். சிங்கப்பூரில் மார்சிலிங் பக்கம் ஒரு இட்லி மாவு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறேன். தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில் குளிர்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் மாவு பாக்கெட்டில் பாதி நான் நிரப்பியது. (மீதிப் பாதியை வாங்காதீர்கள்.)

மெஷின் பெரிய விஷயமில்லை. மேலே தொட்டி, அதில் மாவு. கீழே பம்ப். பம்ப் மாவை ஓர் எஃகுக் குழாய் வழியாகத் தள்ளும். குழாய் முனையில் பாக்கெட்டைப் பிடித்தால் நிரம்பும். அவ்வளவுதான். ஆறு வருடம் அதை நான் மட்டும்தான் ஓட்டினேன். வேறு யாரையும் தொட விட்டதில்லை. எனக்கு அதில் பெருமை வேறு. (முட்டாள்.)

அந்த வருடம் ஊரில் பெண் பார்த்தார்கள். பெயர் கலைவாணி. ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவானது. மேனேஜர் ராஜேந்திரன் சாரிடம் லீவு கேட்டேன். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் சிங்கப்பூர் 'லா' ஒட்டிக்கொண்டு வரும். நல்ல மனிதர்தான். எதையும் படிக்க மாட்டார், அதுதான் குறை.

"நீ போயிட்டா மெஷின யாரு ஓட்டுறது?"

"யாருக்காவது சொல்லிக் குடுத்துட்டுப் போறேன் சார்."

"வாயால சொன்னா பத்தாது லா. பெரிய கஸ்டமர் ஒருத்தவங்க வர்றாங்க. உன் நிச்சயதார்த்த வாரம் திங்கக்கிழமை ஆடிட். எல்லா மெஷினுக்கும் எஸ்.ஓ.பி. கேக்குறாங்க. நீ தமிழ்ல எழுதிக் குடு. அத பாத்து வேற ஆளு ஓட்டிக் காட்டணும். பாஸ் ஆச்சுன்னா புதன்கிழமை நீ பிளைட் ஏறு."

எஸ்.ஓ.பி. என்றால், வேலையை எப்படிச் செய்வது என்று படிப்படியாக எழுதி வைக்கும் தாள். எழுதினால் நிச்சயதார்த்தம். எழுதாவிட்டால் இல்லை. எனக்குப் புரிந்தது.

ஆடிட்டுக்கு மூன்று வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தேக்காவுக்குப் போய் பிரியாணி சாப்பிட்டார்கள். நான் கடை வாசல் படியில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். 'கையைக் கழுவவும்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அரை மணி நேரம் சும்மா இருந்தேன். தினம் செய்கிற வேலைதான். எழுத வரவில்லை. கை செய்ததை வாய் அறியாது, வாய் அறிந்ததைப் பேனா அறியாது.

பம்ப் பற்றி ஒரு சந்தேகம் வந்தது. மெயின்டனன்ஸ் பார்க்கும் வின்சென்ட்டிடம் கேட்கப் போனேன். டிப்ளமோ படித்தவர். நாகர்கோவில்காரர். முதல் நாள் 'நாளைக்கு' என்றார். மறுநாள் 'மதியம்' என்றார். நாலாவது நாள் டீக்கடையில் பிடித்தேன்.

"பம்ப் ஸ்டார்ட் ஆகும்போது என்னென்ன பாக்கணும் சார்? எழுதணும்."

"இதெல்லாமா எழுதுவாங்க? காமன் சென்ஸ் பா."

காமன் சென்ஸ் எத்தனாவது படி என்று கேட்டிருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

படம் எடுக்க குவாலிட்டி புஷ்பா மேடம் வந்தார். செங்காங்கிலிருந்து வருவார். கையில் எப்போதும் ஒரு ஃபைல்.

"முகம் வரக்கூடாது. கை மட்டும் தெரிஞ்சா போதும். கைய நல்லா காட்டுங்க."

கையைக் காட்டினேன். எடுத்த பதினெட்டுப் படத்திலும் கை மட்டும்தான்.

எழுதியதைக் கொடுத்தேன். திரும்பி வந்தது. லோகோ வலது பக்கம் வர வேண்டுமாம். மாற்றிக் கொடுத்தேன். திரும்பி வந்தது. 'மாவு' என்று எழுதக்கூடாதாம்.

"'தயாரிப்பு'ன்னு போடுங்க."

"மேடம், அது மாவு."

"டாக்குமென்ட்ல தயாரிப்பு லா."

எங்கள் தொழிற்சாலையில் மாவை மாவு என்று சொல்லாத ஒரே பொருள் அந்தத் தாள்தான். சண்டை போட்டேன். அந்த ஒன்றில் மட்டும் ஜெயித்தேன். ஆனால் அவர் வேறு இடத்தில் கை வைத்தார். 'மெஷினை நிறுத்த சிவப்புப் பொத்தானை அழுத்தவும்' என்று நான் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். அதைத் தூக்கி ஒன்பதாம் பக்கத்தில் போட்டுவிட்டார். எச்சரிக்கை எல்லாம் கடைசியில்தான் வருமாம். அதுதான் முறையாம்.

ஏழு தடவை போய் வந்தது. ஏழு தடவையும் எழுத்தின் அளவைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள், தேதியைப் பார்த்தார்கள். கடைசியில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வின்சென்ட் ஏணி மேல் நின்றபடியே போட்டார். ராஜேந்திரன் சார் போன் பேசிக்கொண்டே போட்டார். தாளை மெஷின் பக்கத்தில் வைத்து ஒருதடவை ஓட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஊருக்குப் போகும் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். கலைவாணிக்கு எடுத்த புடவை அடியில். மேலே தைலம், சாக்லேட், சோப்பு.

ஆடிட் அன்று ஓட்டிக் காட்ட கோவிந்தன் அண்ணனைப் போட்டார்கள். மன்னார்குடிக்காரர். முன்பு கப்பல் பட்டறையில் இருந்தவர். அங்கே தாளில் இல்லாத ஒன்றைச் செய்து ஒருதடவை வார்னிங் வாங்கியிருக்கிறார். அன்றிலிருந்து எழுதியிருப்பதைத் தாண்டி மூச்சுகூட விடமாட்டார். இதை அவரே பிறகு சொன்னார்.

ஆய்வுக்கு ஓர் அம்மா வந்தார். வெள்ளைக் கோட்டு, தலையில் வலை. பின்னால் மேனேஜர், வின்சென்ட், புஷ்பா மேடம். நான் சுவர் ஓரம். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

கோவிந்தன் அண்ணன் தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

"படி ஒண்ணு. கையைக் கழுவவும்."

கழுவினார். கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"தொடச்சுக்குங்க அண்ணே," என்றேன் மெதுவாக.

"அதுல இல்லையே தம்பி."

புஷ்பா மேடம் ஆய்வு அம்மாவுக்கு இங்கிலீஷில் விளக்கினார். அந்த அம்மா சிரித்து, ரொம்ப நல்லது, இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். எனக்கு மனதுக்குள் விமானம் ஏறியாகிவிட்டது.

இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் சரியாகப் போனது.

"படி அஞ்சு. பச்சைப் பொத்தானை அழுத்தவும்." அழுத்தினார்.

"படி ஆறு. மாவு வரும் வரை காத்திருக்கவும்."

காத்திருந்தார். மாவு வந்தது.

குழாய் முனையில் வரவில்லை. நடுவில், குழாய் வளையும் இடத்தில், மூட்டு 'டப்' என்று கழன்று வந்தது. மாவு ஆய்வு அம்மாவின் கோட்டில் அடித்தது. வின்சென்ட்டின் காலில் அடித்தது. நான் ஓடினேன், வழுக்கினேன், மாவிலேயே உட்கார்ந்தேன்.

"நிறுத்து! நிறுத்து!" என்று மேனேஜர் கத்தினார்.

கோவிந்தன் அண்ணன் பதறவில்லை. ஈரக் கையால் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவை ஒட்டிக்கொண்டன.

"இருங்க சார். நிறுத்துறது எங்கயோ கடைசில பாத்தேன். ஏழு... எட்டு..."

சிவப்புப் பொத்தான் அவர் மூக்குக்கு நேரே இருந்தது. ஒன்பதாம் பக்கம் வந்த பிறகுதான் அழுத்தினார். அதற்குள் தொட்டி காலி.

ஆய்வு அம்மா கோட்டைக் கழற்றி மடித்து, பையில் போட்டார். பத்து நாள் கழித்து மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை யார் ஓட்டுவது? நான்தான்.

"என்ன செஞ்ச நீ? எதையோ விட்டுட்ட," என்றார் ராஜேந்திரன் சார்.

"எதையும் விடல சார். இதே மாதிரிதான் தினம் ஓட்டுறேன்."

கழுவி, மாட்டி, மறுபடி மாவு ஊற்றி ஓட்டிக் காட்டினேன். அருமையாக ஓடியது. கோவிந்தன் அண்ணன் ஓட்டினார். டப். நான் ஓட்டினேன். ஓடியது. அவர் ஓட்டினார். டப்.

"மெஷினுக்கு ஆளு தெரியுதுப்பா," என்றார் வின்சென்ட். டிப்ளமோ படித்தவர் சொன்ன காரணம் இது.

மூன்றாவது தடவை நான் ஓட்டும்போது கோவிந்தன் அண்ணன் தரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"தம்பி, உன் இடது முட்டி அங்க என்ன பண்ணுது?"

குனிந்து பார்த்தேன். என் முட்டி குழாய் மூட்டை அழுத்திப் பிடித்திருந்தது.

"உன் பேண்ட்ட பாரு. அந்த முட்டி மட்டும் வெளுத்துக் கெடக்கு. எத்தன வருஷமா இப்புடி?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சேர்ந்த முதல் மாதம் அந்த மூட்டை இறுக்கிப் பிடிக்கும் வளையம், கிளாம்ப், தேய்ந்திருந்தது. பம்ப் கிளம்பும்போது உதறும். வின்சென்ட்டிடம் சொன்னேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டு பா, பார்ட்ஸ் வரட்டும்" என்றார். அட்ஜஸ்ட் பண்ணினேன். அவர் மறந்தார். பிறகு நானும் மறந்தேன். முட்டி மறக்கவில்லை. ஆறு வருடம் நான் மெஷின் ஓட்டவில்லை. மெஷினில் ஒரு பாகமாக நின்றிருக்கிறேன்.

புஷ்பா மேடத்திடம் ஓடினேன்.

"ஒரு வரி மேடம். 'இடது முட்டியால் பத்து விநாடி அழுத்தவும்.' சேத்துட்டா போதும். ஆடிட் அம்மாவ இன்னைக்கே திரும்ப வரச் சொல்லுங்க. புதன்கிழமை நான் போகணும்."

"முட்டின்னு எப்படி எழுதுறது? சேஃப்டில கேட்டா என்ன சொல்றது?"

"உண்மை அதுதானே மேடம்."

"உண்மைதான். ஆனா அப்ரூவ் ஆகாது லா."

பொய்யான பதினோரு பக்கத்துக்கு மூன்று கையெழுத்து. உண்மையான ஒரு வரிக்கு ஒன்றுகூட இல்லை. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று அவர் மேசையில் இருந்த எஸ்.ஓ.பி.யை எடுத்து நாலாகக் கிழித்தேன். "பரவால்ல, கம்ப்யூட்டர்ல இருக்கு," என்றார்.

புதிய கிளாம்ப் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். புதன்கிழமை விமானம் நான் இல்லாமல் போனது. வெள்ளிக்கிழமை, ஊரில் நல்ல நேரம் தொடங்கும்போது இங்கே சாப்பாட்டு நேரத்துக்கு முன். நான் மெஷினில் நின்றேன். முட்டி குழாயில். வீடியோ கால் ஓடும் போனை மாவு பாக்கெட் கவரில் போட்டு கோவிந்தன் அண்ணன் பிடித்துக்கொண்டிருந்தார், மேனேஜர் வருகிறாரா என்று அவர் கண் வாசலில்.

அங்கே என் அக்கா வீட்டுக்காரர் போனைத் தாம்பாளத்தில் தேங்காயில் சாய்த்து நிற்க வைத்து மணையில் வைத்தார். பந்தல் தெரிந்தது. ஆட்கள் தெரிந்தார்கள். கலைவாணி வந்து உட்காருவது ஓரமாகத் தெரிந்தது. அப்போது பெண்ணின் அத்தை ஒருவர், மாப்பிள்ளைக்குச் செய்வதைக் குறைவில்லாமல் செய்ய வேண்டும் என்று, போனுக்குச் சந்தனம் வைத்தார். மேல் பக்கம். நடுவில். கேமரா மேல்.

அதன் பிறகு என் நிச்சயதார்த்தத்தில் நான் பார்த்தது சந்தன நிறம் மட்டும்.

"என்ன தம்பி, ஒண்ணும் தெரியலையே?" என்றார் கோவிந்தன் அண்ணன்.

"முடிஞ்சிருச்சு அண்ணே. போன உள்ள வைங்க."

கிளாம்ப் அடுத்த திங்கட்கிழமை வந்தது. உள்ளங்கையில் அடங்கும். வின்சென்ட் இரண்டு நிமிடத்தில் மாட்டினார். மாட்டிவிட்டு, "சின்ன வேலைதான் பா," என்றார். என்னிடம் ஒரு பதில் இருந்தது. சொல்லியிருந்தால் இன்று இங்கே வேலையில் இருந்திருக்க மாட்டேன்.

தை மாதம் கல்யாணம். அதற்கு நேரில் போனேன். மண்டபத்து வாசலில் மச்சினன்மார் நின்று, "வாங்க மாப்ள, சார்ஜ் இருக்கா?" என்றார்கள். இன்றும் மாமனார் வீட்டுப் படி ஏறினால் அதே கேள்விதான். மாமியார்கூடக் கேட்கிறார், தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு.

போன தடவை ஊருக்குப் போனபோது மகள் நிச்சயதார்த்த ஆல்பத்தைப் பிரித்து வைத்திருந்தாள். ஐந்து வயது. எல்லார் முகத்தையும் விரலால் தொட்டுப் பெயர் சொன்னாள். கடைசியில் கேட்டாள்.

"அம்மா, அப்பா எங்கம்மா?"

கலைவாணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நல்லா பாரு. தேங்காய்க்குப் பக்கத்துல."