டொய்ங் என்று போன கல்யாண அரிசி

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என் கல்யாணத்தில் சோறு சாப்பிட்டிருப்பேன். அந்தப் பழக்கம்தான் எனக்கு எப்போதுமே இல்லை.

மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலம். தேயிலைக் காட்டில் பாதி மரவள்ளிக் காடாகிவிட்டது. எனக்கு மாமனாராக வரவிருந்த கங்காணி, பங்கீட்டு அரிசியில் கைப்பிடி கைப்பிடியாக மிச்சம் பிடித்து, மகள் மேரியின் கல்யாணத்துக்கென்று ஒரு சின்ன மூட்டை சேர்த்திருந்தார். பதுக்கிய அரிசி அகப்பட்டால் உதை நிச்சயம். அதை ஒளிக்க இடம் சொன்ன மேதை நான்தான்.

தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டு, ஒற்றைக் கம்பி இழுத்துக் கட்டி, ஜெபக்கூட்டத்தில் 'டொய்ங் டொய்ங்' என்று வாசிப்பேன். "வாத்தியத்துக்குள்ள யாரு மாமா அரிசி தேடுவா?" என்றேன். அவரும் நம்பினார் (பாவம், நல்ல மனுஷர்).

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு ஜப்பான் அதிகாரி, தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த எங்கள் லயத்தைச் சோதிக்க வந்தார். வீடு வீடாகக் கிளறியவர், என் பெட்டியைப் பார்த்ததும் வாசிக்கச் சொல்லிக் கை காட்டினார். மீட்டினேன். 'தொப்' என்றது. மறுபடியும் 'தொப்'. அதிகாரி சிரித்தார்.

மொழிபெயர்க்க வந்த கிராணிக்கு, அதாவது தோட்டத்துக் குமாஸ்தாவுக்கு, விஷயம் புரிந்துவிட்டது. "இவனுக்கு வாசிக்கத் தெரியாது, துவான். இப்பத்தான் கத்துக்கிறான்" என்று மலாயில் சமாளித்தார்.

மேரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருக்குத் தெரியாது, கிராணி ஐயா? வெறும் கம்பி கொசு மாதிரி முனகத்தான் செய்யும். பெட்டிக்குள்ள இருக்கிற காத்தும் சேந்து அதிர்ந்தாத்தான் சத்தம் பெருசாகும். வீணைக்குக் குடம் எதுக்கு வச்சிருக்கான்? உள்ள காலியா இருக்கணும் லா. இது அடைச்சுக் கெடக்கு."

"போதும் லா, பேசாம இரு" என்று கிராணி பல்லைக் கடித்தார்.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்போம். ஆனால் நிரூபிக்க வேண்டாமா? பின்பலகையைக் கழற்றி, மூட்டையை இழுத்து வெளியே வைத்துவிட்டு மீட்டினேன். 'டொய்ங்' என்ற சத்தம் எதிர்மலை வரை கேட்டிருக்கும்.

அதிகாரி கை தட்டினார். பிறகு மூட்டையை லாரியில் ஏற்றச் சொன்னார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது. வாசிப்பு பிடித்துப் போனதால் உதை மட்டும் கிடைக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. விருந்துக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கு. மாப்பிள்ளையைத் தவிர எல்லோரும் மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

இன்றைக்கும் பேரப்பிள்ளைகளுக்கு எதையாவது விளக்க நான் தொண்டையைக் கனைத்தால், மேரி அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறாள்: "உங்க தாத்தா விளக்கம் சொல்லப் போறாரு. சோத்துப் பானைய எடுத்து ஒளிச்சு வைங்க."