துணி ஆடாத நாயகனும் ஸ்பிரிங் அண்ணனின் மனுவும்

நாகர்கோவிலில் இதுவரை வேலை பார்த்தவர்களில் நாற்காலியை மிகக் குறைவாகப் பயன்படுத்திய மனிதர் எங்கள் ஸ்பிரிங் அண்ணன்தான். இதை நான் எந்த மேடையிலும் சொல்லத் தயார். அவரும் அந்த மேடைக்கு வருவார். உட்கார மட்டும் மாட்டார்.

நாங்கள் இருவரும் ஓர் அரசு அலுவலகத்தில் ஒரே பிரிவில் இருந்தோம். அவருக்கு ஊர் பூதப்பாண்டி. காலி பஸ்ஸிலும் நின்றுகொண்டே வருவார். கோப்புகளை நடந்துகொண்டே படிப்பார். மனு கொடுக்க வந்தவர்கள் பின்னாலேயே நடப்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் ஏதோ சின்ன ஊர்வலம் போலிருக்கும். தன் கல்யாணத்தில் தாலி கட்டிய கையோடு மணவறையை விட்டு எழுந்து, பிரதமன் பாயசம் அடிபிடிக்கிறதா என்று பார்க்கப் போனவர். அவர் திரும்பி வருவதற்குள் போட்டோக்காரர் மணப்பெண்ணைத் தனியாக நிற்கவைத்துப் பாதி ஆல்பத்தை முடித்திருந்தார்.

ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், தினமும் இருபது நிமிஷமாவது ஓரிடத்தில் இருங்கள் என்று கெஞ்சினார். அண்ணன் எங்களிடம் வந்து புலம்பினார்.

"மாத்திரை தந்தா முழுங்கலாம். இருன்னு சொன்னா எப்படி மக்கா இருக்கதுக்கு?"

பக்கத்து மேசை சலீம், கோட்டாறுக்காரன், தன் போனை நீட்டினான். "அண்ணே, இத பாரும். ஜப்பான் கார்ட்டூனாக்கும்."

"எனக்க வயசென்னலே, கார்ட்டூன் பாக்கதுக்கு?"

சூப்பர்ஹீரோ கதைகளைக் கேலி செய்கிற தொடர் அது. நாயகனுக்கு எல்லாச் சக்தியும் உண்டு. பறப்பான். ஆனால் உயரம் என்றால் பயம். முழங்கால் உயரத்துக்கு மேலே போனால் தலை சுற்றிவிடும். அதனால் சாலையோடு சாலையாகப் பறந்து, சிக்னலில் நின்று, லாரிக்கு வழிவிட்டு, உலகத்தைக் காப்பாற்ற அவன் போய்ச் சேர்வதற்குள் வில்லன் சலித்துப்போய் வீட்டுக்குக் கிளம்பியிருப்பான்.

அண்ணன் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கவே உட்கார்ந்துவிட்டார். அத்தியாயம் முடியும்வரை எழவில்லை. அவருடைய நடைச் சத்தம் திடீரென்று நின்றுபோனதில் பயந்துபோன சூப்பிரண்டு மேடம் எட்டிப் பார்த்தார்.

"அவருக்கு என்னாச்சு? தலை கெறங்குதா? யாராவது தண்ணி குடுங்க!"

அன்று முதல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஓர் அத்தியாயம். முதல் பாகத்தையே பதினோரு சுற்றுப் பார்த்தார். அழுத்தம் இறங்கியது. இரண்டாம் பாகம் வரப்போகிறது என்ற அறிவிப்பு வந்த அன்று பிரிவுக்கே வடை வாங்கிக் கொடுத்தார். அது உண்மையில் வந்து சேரச் சில வருஷங்கள் ஆயின. அதுவரை அவர் சலீமிடம் கேட்ட "வந்துட்டா?"க்களை எண்ணியிருந்தால் சலீமுக்கு அதற்கென்று தனிப் பதிவேடு போடவேண்டியிருக்கும்.

வந்தது. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். நான்காவது நிமிஷத்தில் அண்ணன் எழுந்துவிட்டார்.

"இது அவன் இல்ல மக்கா."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காற்று அடிக்கிறது, மரம் ஆடுகிறது. நாயகனின் முதுகில் கிடக்கும் துணி மட்டும் கஞ்சி போட்ட வேட்டி போல விறைத்து நிற்கிறது. சண்டையில் இரண்டு பேரும் அசையாமல் நிற்க, பின்னால் கோடுகள் மட்டும் ஓடின. இணையத்தில் உலகமே இரண்டு கட்சியாக அடித்துக்கொண்டது. எங்கள் பிரிவிலும் அப்படியே. சலீமுக்குப் புதியது பிடித்திருந்தது.

"அண்ணே, இதுலதான் அவன் ஏன் உயரத்துக்குப் பயப்படுகான்னு சொல்லுகானுவ. மொத பாகம் வெறும் சிரிப்பு. இதுல மனசு இருக்கு."

"மனசு கெடக்கட்டும்லே. துணி ஏன் ஆடல்ல?"

ஒரு வாரம் வராந்தாவை அளந்தார். பிறகு மனு எழுதினார். தட்டச்சு செய்த பாவம் என்னுடையது. "பெறுநர்: உயர்திரு படம் வரையும் பிரிவுத் தலைவர் அவர்கள், ஜப்பான். பொருள்: இரண்டாம் பாகத்தில் நாயகனின் முதுகுத்துணி ஆடாமை - திருத்தம் கோருதல் - தொடர்பாக. பார்வை: முதல் பாகம்."

பிறகு கையெழுத்து வேட்டை. பஸ் கண்டக்டர், டீக்கடைக்காரர், வரிசையில் நின்றவர்கள் என்று நாற்பத்து மூன்று பேர். தெருவிளக்கு கேட்டு கடியப்பட்டணத்தில் இருந்து வந்திருந்த ஓர் அக்காவும் போட்டார்.

"யக்கா, இது தெருவிளக்குக்கு இல்ல. ஜப்பானுக்காக்கும்," என்றேன்.

"எங்கயாவது ஒரு எடத்துல எரிஞ்சா சரி," என்றார் அந்த அக்கா.

அண்ணன் பழக்கதோஷத்தில் மனுவில் அலுவலக முத்திரையையும் குத்தி, அனுப்பும் தபால்களோடு வைத்துவிட்டார். தபால் கட்டுபவர் அதை நேரே மேடத்திடம் கொண்டுபோனார்.

"சர்க்கார் சீல வச்சு ஜப்பானுக்கு எழுதியிருக்கீரே! நாளைக்கு அவன் பதில் போட்டா நான் எந்த ஃபைல்ல வைக்கதுக்கு?" மேடத்துக்குக் கோபத்தைவிடப் பயம் அதிகம். அண்ணனின் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்தது. மெமோ கொடுத்தால் பெயர் போய்விடும். "வெள்ளிக்கிழமைக்குள்ள வாபஸ்னு எழுதித் தாரும். நான் இத பாக்கவே இல்லன்னு வச்சுக்கிடுகேன்."

"தந்த மனுவ நான் வாபஸ் வாங்க மாட்டேன் மேடம்."

புதன் போனது. வியாழனும் போனது. அண்ணன் நடந்த நடைக்கு கீரிப்பாறை வரை போய்த் திரும்பியிருக்கலாம். எங்களுக்குத்தான் வேலையில் கை ஓடவில்லை. வெள்ளி மதியம் சலீம் போனில் எதையோ படித்துவிட்டு அவர் பின்னாலேயே நடந்தான்.

"அண்ணே, மொத பாகம் வரைஞ்சவனுவ இப்ப இல்லியாம். எல்லாம் புது ஆளுக. நாளும் கொறச்சல், ஆளும் கொறச்சல். அவனுவள எல்லாரும் ஏசுகானுவ, பழைய ஆளுக மாதிரி வராதுன்னு."

அண்ணன் நின்றார்.

"புது ஆளுகளா?"

"ஆமாண்ணே."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நான் இந்த சீட்டுக்கு வந்தப்போ, முன்ன இருந்தவரு பெரிய கெட்டிக்காரரு. வாறவன் எல்லாம், பழைய சாரு இருந்தா இந்நேரம் முடிச்சுத் தந்திருப்பாருன்னு சொல்லுவான். ஒரு வருஷம் மக்கா! அத கேக்காண்டாம்னுதான் ஃபைல கையில எடுத்துட்டு நானே ஓட ஆரம்பிச்சேன். பொறவு நிக்க முடியல்ல."

கல்யாணத்தில் எழுந்து ஓடியது இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு. அதனால் இந்தக் காரணத்தை முழுக்க நம்பலாமா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான். ஆனால் அவர் அதற்குள் என் மேசையில் வெள்ளைத்தாள் தேட ஆரம்பித்திருந்தார். நான் ஒன்றை எடுத்து நீட்டினேன்.

ஒரே வரியில் வாபஸ் எழுதிக் கொடுத்தார். அத்தோடு விட்டாரா? கையெழுத்துப் போட்ட நாற்பத்து மூன்று பேரையும் தேடிப்போய், மனு திரும்பப் பெறப்பட்டது என்று ஆளுக்கு ஆள் சொன்னார். பாதிப் பேருக்கு எந்த மனு என்றே நினைவில்லை. கடியப்பட்டணத்துக்குப் போனவர், அங்கே தெருவிளக்குக் கம்பங்களை எண்ணி, அதற்குத் தனியாக ஒரு மனு எழுதிக்கொண்டு திரும்பினார். அந்த விளக்கு எரிந்தது.

இரண்டாம் பாகத்தைக் கடைசிவரை பார்த்தார், நின்றுகொண்டே.

"இப்ப பிடிச்சிருக்காண்ணே?" என்று கேட்டேன்.

"இல்ல. துணி இன்னும் ஆடல்ல. ஆனா ராப்பகலா வரைஞ்சவன் முன்னால பாதியில எழும்பிப் போனா நல்லாவா இருக்கும்?"

பதவி உயர்வு வந்தது. தக்கலைக்கு மாற்றலும் அதோடு வந்தது. போகிற அன்று யாரிடமும் சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. மேசைக்கு மேசை நடந்துவிட்டு அப்படியே படியிறங்கிவிட்டார்.

போன வாரம் சலீம் போனும் கையுமாக என் மேசைக்கு வந்தான். மூன்றாம் பாகம் வரப்போகிறதாம். அண்ணனுக்குப் போனில் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடக்கூடிய சேதிதான். ஆனாலும் ஆளுக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் அவனும் தக்கலை பஸ்ஸில் ஏறினோம்.