கேபினுக்குள் அமைதி நிலைநாட்டப்பட்ட வரலாறு

உலகில் அமைதியை நிலைநாட்டப் பேரரசுகள் பல முயன்றன, தோற்றன. மரக்காணம் வெண்பளிங்கு உப்பு உற்பத்தியாளர் முன்னேற்றச் சங்கம் முயன்றது, வென்றது. ஒரு பழைய பிக்கப் வண்டியின் கேபினுக்குள் மட்டும்தானே வென்றது என்று சிலர் குறைத்துப் பேசக்கூடும். அமைதி எங்கேனும் ஓரிடத்தில் தொடங்கத்தானே வேண்டும்! அவ்வரலாற்றுப் பணியில் சங்கச் செயலாளர் என்ற முறையில் நானும் பங்காற்றினேன் என்பதை அடக்கத்துடனும், அதைவிடச் சற்று அதிகமான பெருமையுடனும் இங்குப் பதிவு செய்கிறேன்.

அவ்வண்டி இருபத்திரண்டு ஆண்டுகள் உப்புக் காற்றில் உழைத்தது. முன்னால் கேபின், அதில் ஓட்டுநர் ராஜவேல், தலைவர் புருஷோத்தமன், நான். பின்னால் திறந்தவெளி, அதில் உப்பளத்திற்குச் செல்லும் பதினான்கு பெண்கள், அவர்களுடைய காலி கேன்கள்.

கேன்களைப் பற்றி ஒரு சொல். ஊர்க் குழாயில் வருவது உப்பு நீர். உப்பளத்தில் இருப்பதும் உப்பு நீர். இரண்டுக்கும் நடுவே கூட்ரோட்டில் ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் உண்டு. காலை எட்டு மணிக்கு அதுவும் நின்றுவிடும். ஆகவே அவ்விடம் நெருங்கியதும் பெண்கள் கேபின் கூரையை உள்ளங்கையால் இருமுறை தட்டுவர். வண்டி நிற்கும். கேன்கள் நிரம்பும். பிறகு ஒருமுறை தட்டுவர், வண்டி புறப்படும். எழுதப்படாத சட்டமாக இவ்வழக்கம் நெடுங்காலம் நிலவியது. எழுதப்படாததே அதன் குறை என்பதை அப்போது யாரும் உணரவில்லை.

ஒருநாள் தலைவர் வானூரிலுள்ள ஒரு பெரிய மனிதருடன் கைப்பேசியில் உரையாடிக்கொண்டிருந்தார். கூரையில் இரண்டு தட்டு விழுந்தது.

“ஐயையோ, இல்லீங்க! யாரும் சுடலீங்க! நம்ம லேடீஸ்தான், தண்ணி பிடிக்கிறாங்க!” என்று தலைவர் அலறினார். மறுமுனை ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தது.

அன்றே அவர் ஒலியை அளக்கும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கினார். அது தொண்ணூற்றாறு டெசிபல் காட்டியது.

“தொண்ணூத்தாறு! ஏம்பா செயலாளரே, இது வண்டியா, கல்யாண மண்டபமா?”

உடனே ‘கேபின் ஒலிக்குறைப்பு உயர்மட்டக் குழு’ அமைக்கப்பட்டது. தலைவரே அதற்கும் தலைவர். நான் ஒருங்கிணைப்பாளர். ராஜவேல் ‘சிறப்பு அழைப்பாளர்’. அதாவது, வரலாம், உட்காரக் கூடாது.

நின்றபடியே ராஜவேல் சொன்னார்: “கதவு ரப்பரு மாத்தி, நாலு போல்ட்டு டைட் பண்ணா பாதி சத்தம் போயிடும் தலைவரே.”

“போல்ட்டு டைட் பண்றதுக்கா உயர்மட்டக் குழு போட்டேன்?”

இவ்வாதத்தை நான் குறிப்பேட்டில் பதிவு செய்தேன். எனவே கேபினின் தரையில் இலவம்பஞ்சு மெத்தை விரிக்கப்பட்டது. கூரையின் உட்புறம் இன்னொரு மெத்தையும், அதன்மேல் முட்டை அட்டைகள் நூற்றிருபதும் ஒட்டப்பட்டன. பின்பக்கக் கண்ணாடி பலகையால் அடைக்கப்பட்டது. எஞ்சியவை கதவுகள். அவற்றின் உள்ளே வெற்றிடம் இருப்பதை ராஜவேல் வாய்தவறிக் கூறிவிட்டார்.

“உள்ளூர் வளத்தைப் பயன்படுத்துவோம்” என்றார் தலைவர். எங்கள் உள்ளூர் வளம் உப்பு. ஆகவே இரு கதவுகளிலும் உப்பு நிரப்பப்பட்டது. மூன்று மூட்டை பிடித்தது.

“கண்ணாடிய எப்படி தலைவரே எறக்கறது? அது எறங்குற எடம் ஃபுல்லா உப்பு.”

“கண்ணாடிய எறக்குனா சத்தம் உள்ள வரும்பா. அதுக்கு எடமே இல்லாமப் பண்ணிட்டேன் பாரு!”

மெத்தைகளின் தடிமனால் கேபினில் இருவருக்கே இடம் எஞ்சியது. நான் மனமுவந்து பின்புறம் மாறினேன்.

சோதனை ஓட்டம் மாபெரும் வெற்றி. கூட்ரோட்டில் பதினான்கு பெண்களும் தட்டினர். வண்டி நிற்கவில்லை. ஆனந்தம்மாள் என்னும் மூத்த தொழிலாளி செருப்பைக் கழற்றித் தட்டினார். வண்டி நிற்கவில்லை. சங்க நலன் கருதி நானும் மெதுவாகத் தட்டினேன். குழாய் எங்களைக் கடந்து பின்னோக்கிச் சென்றது. உப்பளத்தில் இறங்கிய தலைவரின் முகத்தில் ஞானியரின் தெளிவு.

“ஒண்ணுமே கேக்கலய்யா! யாராச்சும் தட்டுனீங்களா என்ன?”

மலர்கொடி முன்னால் வந்தார். இருபது ஆண்டுகளாக உப்பு வாரும் கை, சிவந்திருந்தது. “தலைவரே, சத்தம் போவட்டும், வேணான்னு சொல்லல. தண்ணிக்கு நிக்கணுமில்லீங்க? காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் இந்த வெயில்ல எதக் குடிக்கிறது?”

“நிக்கும்மா. தட்டுனா நிக்கும்.”

“தட்டுனோமே!”

“கேக்கலையே!”

ராஜவேல் குறுக்கிட்டார்: “தெரிஞ்ச எடந்தான தலைவரே, நானே நிறுத்திடறேன்.”

“டேய், தட்டல் கேட்டுச்சா உனக்கு?”

“கேக்கலீங்க.”

“கேக்காத தட்டலுக்கு வண்டிய நிறுத்துனா நாளைக்கு ஊரே கேக்கும், எதுக்குடா நிறுத்துனன்னு!”

இருப்பினும் எங்கள் சங்கம் மக்களாட்சி மரபில் ஊறியது. அன்று மாலையே நான் விதிமுறை வகுத்தேன்: ‘கேபின் கூரையைத் தட்ட விரும்புவோர், முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும்.’

மலர்கொடி விண்ணப்பித்தார். எத்தனை முறை தட்டுவார் என்பது குறிப்பிடப்படாததால் திருப்பியனுப்பினேன். ‘இரண்டு’ என்று எழுதி வந்தார். எந்தக் கையால் என்று கேட்டேன்.

“உன் கன்னத்துலயா, கூரையிலயா? அதச் சொல்லு மொதல்ல” என்றார். இது விண்ணப்பத்தில் இடம்பெறாததால் பரிசீலிக்கப்படவில்லை.

இவ்வாறு நாற்பது நாள்கள் இனிதே கழிந்தன. பெண்கள் பக்கத்து உப்பளத்து மோட்டார் கொட்டகையில் கெஞ்சி, நாளுக்கு ஒரு கேன் குடிநீர் வாங்கி, பதினான்காகப் பகிர்ந்தனர். கதவுகளின் அடியில் மட்டும் ஏதோ கசிந்துகொண்டிருந்தது. “கதவு அழுவுது” என்றார் ஆனந்தம்மாள். “ஆனந்தக் கண்ணீர்” என்றார் தலைவர்.

நாற்பத்தோராம் நாள் உப்பளத்தில் ‘அமைதிப் பெருவிழா’ நடந்தது. வண்டி, முற்பகல் பதினொரு மணி வெயிலில், வெள்ளைப் பாத்திகளின் நடுவே நின்றது. நிகழ்ச்சி நிரலின்படி தலைவர் தனியாகக் கேபினுள் அமர்ந்து, கதவுகளைச் சாத்திக்கொண்டு, ‘மௌனமே முன்னேற்றம்’ என்னும் தலைப்பில் உரத்த குரலில் பேசுவார். ஓர் ஓசையும் வெளியேறவில்லை என்பதை நான் வெளியிலிருந்து அவருடைய கைப்பேசியில் படம் பிடிப்பேன்.

அவர் பேசினார். வாய் அசைந்தது. மீசை அசைந்தது. ஓசை இல்லை. எனக்கு மெய்சிலிர்த்தது.

உரை முடிந்து அவர் கதவின் பிடியை இழுத்தார். கதவு திறக்கவில்லை. மறு கதவையும் இழுத்தார். உப்பு நாற்பது நாள்களாக விடுப்பின்றி உழைத்து, பூட்டையும் சட்டத்தையும் ஒன்றாக்கியிருந்தது. அவர் கண்ணாடியில் அறைந்தார்.

“என்னாடி, கையத் தட்டுறாரு?” என்றார் ஆனந்தம்மாள்.

“பேச்சு முடிஞ்சிருச்சு போலக்கா. நாமளும் தட்டணுமாம்.”

பதினான்கு பேரும் கைதட்டினர். தலைவர் மேலும் வேகமாக அறைந்தார். அவர்களும் மேலும் வேகமாகத் தட்டினர். விழா களைகட்டியது. அவர் கூரையை நோக்கிக் கையோங்கி இருமுறை குத்தினார். முட்டை அட்டைகள் தலையில் உதிர்ந்தன.

“ரெண்டு தட்டு! நிறுத்தச் சொல்றாருடீ!”

“நிக்கிற வண்டிய எப்படிக்கா நிறுத்துறது?”

அப்போது தலைவர் கட்டைவிரலை வாயருகே கொண்டுசென்று அண்ணாந்து காட்டினார். சிரிப்பு நின்றது. அக்குறிப்பின் பொருளை அங்கு யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

மலர்கொடி ஓடிச்சென்று கேனைத் தூக்கினார். என் முகத்துக்கு நேரே கவிழ்த்துக் காட்டினார்.

“சொட்டு இல்ல. எங்கேந்து இருக்கும்? எழுதிக்கோ செயலாளரே, எந்தக் கைன்னு கேட்டியே, இந்தக் கை!”

அவர் கல்லை எடுத்தார். “சங்கச் சொத்து!” என்று நான் எச்சரிப்பதற்குள் கண்ணாடி நொறுங்கியது. ராஜவேலும் அவரும் தலைவரைச் சன்னல் வழியாக இழுத்தெடுத்தனர். அவித்த பனங்கிழங்கைப் போல் அவர் வெளிவந்தார். மலர்கொடி மோட்டார் கொட்டகைவரை ஓடி, அன்றைய ஒரு கேனை வாங்கி வந்தார். பாதி குடித்தார் தலைவர். மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார். மற்றவர்கள் அன்று உதட்டை நக்கிக்கொண்டு உப்பு வாரினர்.

மாலையில் அவசரக் கூட்டம். வாசலில் மலர்கொடியும் மற்றவர்களும் நின்றனர். தலைவர் எழுந்து கைகூப்பினார்.

“தாகம்னா என்னான்னு இன்னிக்குத்தாம்மா எனக்குத் தெரிஞ்சுது. இனிமே கூட்ரோட்டுல வண்டி தெனமும் நிக்கும். தட்டவே வேணாம்.”

வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஆனந்தம்மாள் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். தலைவர் சொல்லச் சொல்ல, நான் தீர்மானத்தை எழுதினேன்:

‘நடந்த துயரத்திலிருந்து பாடம் கற்று, தலைவரின் பாதுகாப்பிற்காகக் கேபினுக்குள் எந்நேரமும் ஒரு கேன் குடிநீர் வைக்கப்படும். அதனை நிரப்ப வண்டி நாள்தோறும் கூட்ரோட்டில் இரண்டு நிமிடம் நிற்கும். தாமதத்தைத் தவிர்க்கும் பொருட்டு, அந்நேரத்தில் பின்னால் இருப்போர் எவரும் இறங்கக் கூடாது.’

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்த மனம் என்னுடையதும்தான். கையொப்பமிடுமுன் மூன்று முறை படித்துப் பார்த்தேன். அதில் ஒரு பிழைகூட எனக்குத் தென்படவில்லை.