பதினெட்டாம் நம்பர் ரூம்

"அண்ணாச்சி, மாலத்தீவுல லிங்கேஷ் சார் எத்தனை இளநி குடிச்சாரு?"

கோமதிநாயகத்தின் கையிலிருந்த பிரஷ் கட்டு நழுவிக் கீழே விழுந்தது.

போனில் ரூபியா. பெயின்ட் கம்பெனியின் திருநெல்வேலி டிப்போவில் கணக்குப் பார்க்கிறவள். மாதம் இரண்டு தடவை கூப்பிடுவாள். "செக் போட்டாச்சா அண்ணாச்சி?" என்பதைத் தவிர இதுவரை வேறொன்றும் கேட்டதில்லை.

"ஏம்மா, என்ன விசயம்?"

"ரிசார்ட்டுலேருந்து எக்ஸ்ட்ரா பில் வந்திருக்கு. பதினெட்டாம் நம்பர் ரூம், லிங்கேஷ் சாருது. நாலு நாள்ல பதினோரு இளநி, ரெண்டு சிங்கி இறால், ரெண்டு பேருக்கு மசாஜு, கண்ணாடிப் படகு, வேட்டி சலவை ஒண்ணு. மொத்தம் ஐம்பத்து மூவாயிரம் ரூவா. ஒத்த ஆளு ரெண்டு மசாஜு எப்படி அண்ணாச்சி பண்ணுவாரு? அதுவும் அவரு வேட்டி கட்டி நான் பாத்ததே இல்ல."

கோமதிநாயகம் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார்.

சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் இருபத்திரண்டு வருடமாகப் பெயின்ட் கடை வைத்திருப்பவர். டார்கெட்டைத் தாண்டிய ஒன்பது டீலர்களை மனைவிமாரோடு இந்த வருடம் கம்பெனி மாலத்தீவுக்கு அனுப்பியது. கூட்டிப் போனவன் சேல்ஸ் ஆபீசர் லிங்கேஷ். இருபத்தெட்டு வயது. விமானம் ஏறும் முன்பே எச்சரித்தான்.

"தங்குறதும் மூணு நேரச் சாப்பாடும் கம்பெனியோடது. எக்ஸ்ட்ரா மட்டும் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. அங்கன எல்லாம் டாலரு."

முதல் நாள் சாயங்காலம். கடற்கரையில் சாய்வு நாற்காலி. மனைவி இசக்கிசெல்வி ஒரு இளநீர் கேட்டாள். வெயிட்டர் இளநீரோடு ஒரு சீட்டையும் நீட்டினான். ரூம் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். விலை எட்டு டாலர். அந்தக் காசுக்குச் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஒரு குலையையே வெட்டித் தருவார்கள்.

அப்போதுதான் அவர் கை அந்த வேலையைச் செய்தது.

இருபத்திரண்டு வருடப் பழக்கம். பெயின்டர்கள் கடைக்கு வருவார்கள். வீட்டுக்காரருக்குப் பத்து லிட்டர் வாங்கும்போதே தங்களுக்கு ஒரு பிரஷ், நாலு உப்புத்தாள், ஒரு பூட்டு என்று சேர்த்து எடுப்பார்கள். "இது யாரு கணக்குல?" என்று கோமதிநாயகம் கேட்பார். "வீட்டுக்காரர் கணக்குல எழுதுங்க அண்ணாச்சி" என்பார்கள். எழுதுவார். எந்த வீட்டுக்காரரும் கேட்டதில்லை.

இங்கே வீட்டுக்காரர் கம்பெனி. டீலரின் எக்ஸ்ட்ரா டீலர் தலையில் விழும். ஆபீசரின் எக்ஸ்ட்ராவைக் கம்பெனிதானே கட்டும்? பேனா அவர் ரூமான பதினேழு என்று தொடங்கி லிங்கேஷின் பதினெட்டில் முடிந்தது. கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து.

அதன்பிறகு நாலு நாளும் அவர் விலைப் பட்டியலைத் திறக்கவே இல்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக இசக்கிசெல்வி தன் தங்கையிடம் போனில் சொன்னாள்: "இவுக விலையே கேக்கலட்டி. வேணுங்கிறதச் சாப்பிடுன்னு சொல்லுதாவ. கடல்காத்து பட்டு ஆளே மாறிட்டாவ."

இப்போது சங்கரன்கோவில் காற்று பட்டது.

"ஏம்மா ரூபியா, டீலருங்க எக்ஸ்ட்ராவ யாரு கட்டுதாவ?"

"அதெல்லாம் கம்பெனியே கட்டியாச்சு அண்ணாச்சி. டீலருல்லாம் விருந்தாளில்லா? ஆபீசர் எக்ஸ்ட்ராவத்தான் அவுக சம்பளத்துல புடிப்பாவ."

கோமதிநாயகம் ஸ்டூலில் உட்கார்ந்தார். உள்ளதை உள்ளபடி பதினேழு என்று எழுதியிருந்தால் ஒரு பைசா செலவில்லை.

"லிங்கேஷ் என்ன சொல்லுதான்?"

"ஒண்ணுமே சொல்லல. 'எல்லாம் என்னுதுதான், புடிச்சுக்கிடுங்க'ன்னுட்டாரு. அடுத்த மாசம் கல்யாணம் வேற. பாவம்."

அந்தப் 'பாவம்' கோமதிநாயகத்தின் நெஞ்சில் ஆணியாக இறங்கியது.

மறுநாள் லிங்கேஷ் கடைக்கு வந்தான். முகம் வாடியிருந்தது. அவர் கண்ணைப் பார்க்கவே இல்லை. தோளில் ஒரு புது அலுமினிய ஏணி.

"கடைக்கு வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. சும்மாதான்."

"எதுக்குத் தம்பி இதெல்லாம்? டீ சொல்லட்டா?"

"வேண்டாம் அண்ணாச்சி. உங்க கடையில டீ குடிக்க எனக்கு யோக்கியதை இல்ல."

என்ன பணிவு! கோமதிநாயகம் மெதுவாக நூல் விட்டுப் பார்த்தார்.

"ஏதோ பில்லு வந்திருக்காமே. நீ பதினோரு இளநியா குடிச்ச?"

"சூடு அண்ணாச்சி."

"வேட்டி சலவைக்குப் போட்டியாமே?"

லிங்கேஷ் தன் பேண்ட்டைப் பார்த்தான். "எப்பவாச்சும் கட்டுவேன் அண்ணாச்சி."

"எங்கிட்ட மறைக்காத தம்பி. உன்னுது இல்லன்னா இல்லன்னு சொல்லிர வேண்டியதுதான?"

"விடுங்க அண்ணாச்சி. கிளறினா யாருக்கும் நல்லது இல்ல."

கோமதிநாயகம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பையனுக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்தும் நம் மானத்தைக் காப்பாற்றுகிறான். இவனுக்குப் போய் இந்தத் துரோகத்தைச் செய்தோமே!

நேராகப் பணத்தைக் கொடுத்தால் குட்டு உடையும். சுற்றி வளைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

"தம்பி, அந்த மல்லியப்பூ வாசம் அடிக்கிற பெயின்ட்டு இருக்குல்லா..."

வாங்கச் சொல்லி மூன்று மாதமாக லிங்கேஷ் மன்றாடிய சரக்கு அது. "பூ மார்க்கெட் இருக்க ஊர்ல செவுத்துக்கு எதுக்குவே வாசம்?" என்று மூன்று மாதமாகச் சிரித்தவரும் இவர்தான்.

"நாப்பது பக்கெட்டு அனுப்பு."

"நாப்பதா?" லிங்கேஷ் கண் கலங்கிவிட்டான். "எனக்காக இப்படிச் செய்யாதீய அண்ணாச்சி. நான் அதுக்குத் தகுதியான ஆளு இல்ல."

"உன் கமிஷன் கூடும்லா. கல்யாணச் செலவுக்கு ஆவும்."

வியாழக்கிழமை நாற்பது பக்கெட்டும் வந்து இறங்கின. ஒன்று மூடி பிளந்து ஒழுகியது. அன்றிலிருந்து கடை, மணமக்கள் இறங்கிப்போன கார் மாதிரி மணந்தது. உப்புத்தாள் வாங்க வந்தவர்கள் தும்மிக்கொண்டே போனார்கள். ஒரு பெயின்டர் மட்டும் பக்கெட்டை மோந்து பார்த்துவிட்டு, "இத அடிச்சா வீட்டுல பாம்பு வருமே அண்ணாச்சி" என்றார். ஒரு பக்கெட்டும் நகரவில்லை.

திங்கட்கிழமை ரூபியா கூப்பிட்டாள்.

"என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டிய? பில்லு வந்த கையோட நாப்பது பக்கெட்டு. பில்லு காச ஈடுகட்ட லிங்கேஷ் சார் உங்கள மிரட்டிச் சரக்கத் தள்ளிட்டாருன்னு மெட்ராஸ் ஹெட் ஆபீஸ்ல நினைக்கிறாவ. விசாரணை வச்சிருக்காவ. வேலை நிக்குமான்னே தெரியல."

கோமதிநாயகத்துக்கு மல்லிகை வாசத்தில் தலை சுற்றியது. சம்பளத்தில் பிடிப்பதோடு போயிருக்கும். இப்போது வேலைக்கே உலை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஒரு அம்மாள் கடையேறினாள். காதில் கனத்த தோடு, கையில் துணிப்பை. நூறு மில்லி பச்சை எனாமல் கேட்டாள். காசைக் கொடுத்துவிட்டு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணாச்சி, நான் சிவகிரி. பேரு ஆவுடையம்மாள். லிங்கேஷுன்னு ஒரு பையன் உங்க கடைக்கு வருவானாமே. எங்க அண்ணன் மகளத்தான் பேசியிருக்கு. ஆளு எப்படி? ஒளிக்காமச் சொல்லுங்க."

கல்யாணத்துக்கு விசாரிப்பு! கடவுளே அனுப்பிய சந்தர்ப்பம். செய்த பாவத்துக்கு ஒரு சான்றிதழாவது கொடுத்துவிட வேண்டும்.

"சொக்கத் தங்கம்க்கா! கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாம். அந்த மசாஜு விசயத்துல அவன் மேல ஒரு தப்பும் கிடையாது."

"எந்த மசாஜு?"

கோமதிநாயகம் நாக்கைக் கடித்தார். அதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது.

"மாலத்தீவுல... ரெண்டு பேருக்குன்னு பில்லு வந்திருக்கு. ஆனா அவன் தனியாத்தான்க்கா வந்தான்."

"தனியா வந்தவனுக்கு ரெண்டு பேரு பில்லா?"

"அதத்தான் நானும் சொல்லுதேன்! அந்த ரெண்டாவது ஆளு பொம்பளதான், ஆனா தப்பான பொம்பள இல்ல. நல்ல குடும்பத்துப் பொம்பள. கல்யாணமானவ."

ஆவுடையம்மாள் எனாமல் டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

"கல்யாணமானவளா?"

கொடுத்த காசைக்கூடத் திருப்பி வாங்கவில்லை. சிவகிரி பஸ்ஸைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள்.

மறுநாளே செய்தி வந்தது. பெண்வீட்டார் பத்திரிகை அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்கு மத்தியானம் கோமதிநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். இசக்கிசெல்வி குறுக்கிடாமல் கேட்டாள்.

"அப்போ நான் குடிச்ச இளநி?"

"லிங்கேஷு கணக்குல."

"அந்தச் சிங்கி இறாலு?"

"அதும்."

"கண்ணாடிப் படகுல போட்டோ எடுக்கும்போது என் தோளுல கையப் போட்டியளே. அதாச்சும் உங்க கணக்கா?"

அவள் எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்தபோது அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நான் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேனே. ஊரு பூரா சொல்லிப் பெருமைப்பட்டேனே. சரி, விடுங்க. அந்தப் பய வாழ்க்கை கெட்டா நமக்கு ஆவாது. உள்ளத கம்பெனிக்கு எழுதிப் போடுங்க. இப்பமே."

கோமதிநாயகம் கடையைத் திறந்து, மல்லிகை வாசத்தின் நடுவே உட்கார்ந்து, போனில் எழுதினார். 'மரியாதைக்குரிய மேனேஜர் அவர்களுக்கு. பதினெட்டாம் நம்பர் ரூமில் எழுதியது அனைத்தும் என் கை. இளநீர் குடித்தது நாங்கள். சலவைக்குப் போன வேட்டி என்னுடையது. தம்பி லிங்கேஷ் நிரபராதி. சந்தேகம் இருந்தால் சீட்டுகளில் உள்ள கையெழுத்தை ஒத்துப் பார்க்கவும்.'

அனுப்புமுன் லிங்கேஷுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நியாயம் என்று பட்டது. கூப்பிட்டு லெட்டரை வாசித்தும் காட்டினார். அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடையும் சத்தம் கேட்டது.

குருவிகுளத்திலிருந்து பைக்கில் பறந்து வந்தான் லிங்கேஷ். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை.

"அண்ணாச்சி! லெட்டர அனுப்பிட்டியளா?"

"இன்னும் இல்ல தம்பி. பட்டனத் தட்ட வேண்டியதுதான்."

லிங்கேஷ் கல்லா மேசைக்கு அடியில் புகுந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் அண்ணாச்சி! ஐம்பத்து மூவாயிரம் போனாப் போவுது. கல்யாணம் நின்னா வேற பொண்ணு பாத்துக்கிடுதேன். லெட்டரு மட்டும் வேண்டாம்!"

"ஏம்ல மக்கா, நான் செஞ்ச தப்புக்கு நீ எதுக்குச் சாவணும்?"

"உங்க பேரு கெட்டுரும் அண்ணாச்சி. உங்க ரூமு பேச்சே அங்கன எழக்கூடாது. கையெழுத்த ஒத்துப் பாக்கணும்னு வேற எழுதியிருக்கியளே! அந்த வரியவாவது எடுத்துருங்க!"

கோமதிநாயகத்தின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. நாம் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று, வேலையையும் கல்யாணத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒருவன் காலில் விழுந்து கெஞ்சுகிறான். இப்படி ஒரு பிள்ளையின் தலையில் போய் இறாலை எழுதினோமே!

"நீ மனுசனே இல்லடா தம்பி. தெய்வம்" என்றார்.

லிங்கேஷின் கை போனை நோக்கிப் பாய்ந்தது. அதற்குள் கோமதிநாயகம் பட்டனைத் தட்டிவிட்டார்.

லிங்கேஷ் எழுந்தான். ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான். போய் அந்த அலுமினிய ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, வெகுநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பைக்கைத் தள்ளிக்கொண்டே போய்விட்டான்.

அன்றிரவு கோமதிநாயகம் பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

இரண்டு நாள் கழித்து ரூபியா கூப்பிட்டாள்.

"என்னம்மா, லெட்டரு கிடைச்சுதா? தம்பி மேல இருந்த பழிய எடுத்துட்டாவளா?"

"எடுத்துட்டாவ அண்ணாச்சி."

"அப்பாடா! அப்போ ஏம்மா குரலு ஒருமாதிரி இருக்கு? மேனேஜர் எம்மேல கோவமா இருக்காரா?"

"உங்கள ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி, லிங்கேஷ் சார வீட்டுக்கு அனுப்பிட்டாவ... நீங்க சொன்னபடி கையெழுத்த ஒத்துப் பாக்க உங்க பதினேழாம் நம்பர் ரூம் சீட்டையும் வரவழைச்சாவ, அதுல இருந்த ஒரு லச்சத்துப் பன்னெண்டாயிரம் ரூவாய்க்கும் லிங்கேஷ் சார் கையெழுத்துல்லா இருக்கு!"