பற்றிக் ஐரிஷ்காரர் ஆன வரலாறு

மொன்றியலில் புவாண்ட்-கிளேர் பக்கத்திலுள்ள ஒரு கல்லூரி, தன் மாணவர்களை இரண்டு கிழமை அயர்லாந்துக்குக் கல்விப் பயணம் அனுப்புவதென்று தீர்மானித்தது. ‘அயர்லாந்தின் மரபும் நிலக்காட்சிகளும்’ என்று அதற்குப் பெயர். மொன்றியலில் கல்லெறிந்தால் முன்னொரு காலம் உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சத்தில் கப்பலேறி வந்த ஓர் அயர்லாந்துக்காரரின் கொள்ளுப்பேரன் தலையில் விழும் என்பதாலும், மரபைத் தேடிப் புறப்படுவது இப்போது நாகரிகம் என்பதாலும் இதற்கு யாரும் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை.

என்னோடு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் பற்றிக்கின் மகள் பிரியந்தி அந்தக் கல்லூரியில் நிலவியல் படிக்கிறாள். அயர்லாந்துத் தீவின் வடகரையில், எரிமலைக் குழம்பு ஆறி அறுகோணத் தூண்களாக நிற்கிறதாம். அதை ஒருமுறையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று பிள்ளை இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். விண்ணப்பத்திலும் அதையே எழுதினாள். நிராகரித்துவிட்டார்கள்.

மரபுப் பயணங்களின் பொறுப்பதிகாரி மடாம் ஜெர்வேயிடம் நேரில் போய்க் காரணம் கேட்டாள். மடாம் பேசியது பிரெஞ்சு என்றாலும், அதன் கம்பீரம் கெடாமல் தமிழில் தருகிறேன்.

“கல் பார்க்க விரும்புவோர் பயணத்தின் நோக்கத்தைக் குலைத்துவிடுவார்கள். மரபு உள்ளவர்களுக்கே இடம். கொத்தியே என்ற பையனையும் நிறுத்திவிட்டோம். தாய்வழி முழுவதும் அயர்லாந்து என்கிறான். ஆனால் பெயர் பிரெஞ்சாக இருக்கிறதே, நாங்கள் என்ன செய்வது?”

சொல்லிக்கொண்டே கணினியில் பிரியந்தியின் கடைசிப் பெயரைப் பார்த்தார். பற்றிக். மடாமின் முகம் மலர்ந்தது.

“இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?”

அப்பாவின் பெயரைப் பிள்ளைக்குக் கடைசிப் பெயராகப் போடுவது எங்கள் வழக்கம் என்று பிரியந்தி விளக்கினாள். அப்பா மார்ச் பதினேழு, அயர்லாந்தின் காவல் புனிதர் பற்றிக்கின் திருநாளில் பிறந்தவர், அதனால் பங்குத்தந்தை பெயருக்காக மண்டையை உடைக்கவில்லை. தாத்தாவின் பெயர் சூசைமுத்து.

“ஆங்கிலேயர் உங்கள் நாட்டையும் ஆண்டார்களா?”

“ஆண்டார்கள்.”

“அப்படியானால் விளங்குகிறது. உங்கள் மூதாதையர் பயத்தில் குடும்பப் பெயரை மறைத்திருக்கிறார்கள். உங்கள் தந்தை துணிந்து மீட்டெடுத்திருக்கிறார்.”

பிரியந்தி தன் கையை மேசையில் நன்றாகத் தெரியும்படி வைத்தாளாம். ஆனால் ஒருவரின் நிறத்தைக் கவனிப்பது கல்லூரியின் ஒழுக்கக் கோவைப்படி குற்றம். மடாம் கவனிக்கவில்லை. குடும்ப நினைவுகளைப் பதிவு செய்யும் நேர்காணலுக்குத் தந்தை சமூகமளிக்க வேண்டும், அதன் பிறகு இடம் உறுதி என்றார்.

நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன்.

“அண்ணை, நான் அங்க என்னத்தைக் கதைக்கிறது?” என்றார் பற்றிக்.

“கேக்கிறதுக்கு உள்ளதைச் சொல்லு. பொய் சொல்லி மாட்டுப்படாதை.”

குழுவில் மூன்று பேர். பற்றிக் தமிழில் சொல்ல, பிரியந்தி பிரெஞ்சில் மாற்றினாள். நான் மூலையில் இருந்தேன்.

“உங்கள் குடும்பம் என்ன பயிரிட்டது?”

“உருளைக்கிழங்கு.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“விளைச்சல் அழிந்ததா?”

“ஓம். கிண்ட விடேல்லை. நிலத்துக்குள்ளயே அழுகிப்போச்சு.”

“நிலம்?”

“ஆமி எடுத்திட்டுது.”

“உங்கள் மொழியைத் தடை செய்தார்களா?”

“தடையெண்டு இல்லை. அரசாங்கக் கந்தோருக்கு அந்தப் பாசையில எழுதினால் பதில் வராது.”

குழுவில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். “மக்கள் பட்டினியோடு படகேறினார்களா?”

“ஓம்.”

“ஏறியவர்கள் எல்லோரும் கரை சேர்ந்தார்களா?”

பற்றிக் மகளைப் பார்த்தார். “இல்லை. என்ர தம்பி சேரேல்லை.”

பிரியந்தி அதை மொழிபெயர்க்கவில்லை. மடாம் “என்ன சொன்னார்?” என்று மெதுவாகக் கேட்ட பிறகுதான் சொன்னாள். பக்கத்தில் நின்று பெட்டி தூக்கும் எனக்கே அது புதுச் செய்தி.

எந்த ஆண்டு, எந்தக் கடல் என்று ஒருவரும் கேட்கவில்லை. துக்கத்திடம் திகதி கேட்பது பண்பல்ல என்று குழு கருதியிருக்கலாம். இவ்வளவு பசுமையான ஐரிஷ் நினைவை இதுவரை கேட்டதில்லை என்று குறிப்பெழுதி, பிரியந்திக்கு ஏகமனதாக இடம் கொடுத்தார்கள். வழியனுப்பும் விழாவில் தந்தை இதையே மேடையில் சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

காரில் ஏறியதும் பிரியந்தி கேட்டாள்.

“அப்பா, எனக்கொரு சித்தப்பா இருந்தவரோ?”

“ஓம்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“ஆர் பிள்ளை கேட்டது? இண்டைக்குத்தான் கதிரை போட்டு இருத்திக் கேட்டிருக்கினம்.”

அடுத்த நாள் பிரியந்தி மடாமிடம் போய், அப்பா சொன்னது முழுக்க யாழ்ப்பாணத்தில் நடந்தது என்று உண்மையைச் சொன்னாள். இடம் போனாலும் போகட்டும் என்று அழுதுகொண்டு சொன்னாளாம். மடாம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

“யாழ்ப்பாணம் மரபுப் பிரிவுக்குள் வராது. அது அகதிகள் பிரிவு. அந்தப் பிரிவைப் போன வருடம் மூடிவிட்டோம். ஐரிஷ் என்று அங்கீகரித்த ஒருவரை மீண்டும் வேறொருவராக்க எங்களிடம் வழிமுறையும் இல்லை. போய் வாருங்கள்.”

விழாவன்று பற்றிக் பச்சைக் கழுத்துப்பட்டி கட்டி மேடையேறினார். மண்டபம் நிறைந்திருந்தது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல, பிரியந்தி தடுமாறாமல் பிரெஞ்சில் சொன்னாள். பிள்ளைகள் தேம்பினார்கள்.

எங்கள் தமிழ்க் கலாசாரச் சங்கத் தலைவர் அருள்நேசனும் நிர்வாகக் குழுவோடு முன்வரிசையில் இருந்தார். ஊரில் போரில் இறந்தவர்களுக்காக அவருடைய சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் நினைவுக் கூட்டத்துக்கு நிர்வாகக் குழுவே முழுதாக வருவதில்லை. வருகிறவர்களும் தேநீரோடு கொடுக்கும் ரோல்ஸ் முடிந்ததும் போய்விடுவார்கள். அன்று ஒருவர்கூட அசையவில்லை. முடிந்ததும் தலைவர் மேடையேறி, பற்றிக்குக்குப் பொன்னாடை போர்த்தி, துயருற்ற ஐரிஷ் மக்களுக்குத் தமிழினத்தின் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்தார்.

இறங்கி வந்து என் காதுக்குள் சொன்னார்: “பற்றிக் நல்லாப் படிச்சுக்கொண்டு வந்திருக்கிறார். அந்தச் சனம் இவ்வளவு பட்டிருக்குமெண்டு எனக்குத் தெரியாது. எங்கட பிள்ளையளும் இதையெல்லாம் கேக்க வேணும்.”

திரும்பி வரும்போது பற்றிக்கிடம் கேட்டேன். “அவ்வளவு சனம் இருந்தது. ஒருக்கா யாழ்ப்பாணம் எண்டு சொல்லியிருக்கலாமே?”

“வாய் வரைக்கும் வந்தது அண்ணை. சொன்னால் எழும்பிப் போயிடுவினம் எண்டு விட்டிட்டன்.”

“வெள்ளைக்காரரோ?”

“சீ, அவை இருந்து கேப்பினம். எங்கட ஆக்களைச் சொல்லுறன்.”